மால் காலி

போன ஞாயிற்றுக்கிழமை கடை வாசலில் காவல்காரர் நம் பில்லை வாங்கிப் பார்த்தார். பைக்குள் கையை விட்டுத் துழாவினார். பிறகு பில்லில் ஓர் ஓட்டை போட்டுக் கொடுத்தார். உங்களில் பெரியவளுக்கு மூக்கு சிவந்துவிட்டது. "நம்மள பாத்தா சோர் மாதிரியா, திருடன் மாதிரியா இருக்கு?" என்று ஆட்டோவில் ஏறும்வரை கேட்டுக்கொண்டே வந்தாள். நான் வாயைத் திறக்கவில்லை. அந்த மாதிரி ஒரு வாசலில் ஆறு வருடம் நின்று ஓட்டை போட்டவன் நான். அது உங்கள் இருவருக்கும் தெரியும். அந்த வாசலில் நான் செய்த ஒரு காரியம் தெரியாது. அதைத்தான் எழுதுகிறேன்.

நீங்கள் தமிழை எழுத்துக் கூட்டித்தான் படிப்பீர்கள். இருந்தாலும் தமிழில்தான் எழுதியாக வேண்டும். ஏனென்றால் நான் செய்தது தமிழ்க் காது செய்த தப்பு. நானும் பத்தாவதோடு நிறுத்தியவன்தான். அதனால் பெரிய வார்த்தை எதுவும் வராது, பயப்படாதீர்கள்.

கடக்வாஸ்லா போகும் சாலையில் இப்போது கோச்சிங் கிளாஸ் பலகைகள் தொங்குகிற நாலு மாடிக் கட்டடம் இருக்கிறதே, அதுதான் அப்போது மால். அந்தப் பக்கத்துக்கு முதன்முதலில் நகரும் படிக்கட்டு வந்தது அங்கேதான். ஒன்றும் வாங்காமல் படிக்கட்டில் ஏறி இறங்கவே ஜனம் வரும். பெண்கள் புடவைக் கொசுவத்தைப் பிடித்துக்கொண்டு, தண்ணீரில் கால் வைக்கிற மாதிரி முதல் படியில் கால் வைப்பார்கள். தரைத்தளம் முழுக்க எங்கள் கடை. அரிசி, பருப்பு, சோப்பு, காய்கறி, பாத்திரம், பனியன் எல்லாம் ஒரே கூரையின் கீழ். பழைய ஊருக்குள் தானியக் கடை வைத்திருந்த ஒரு குடும்பம் ஆரம்பித்தது. புனேயில் ஏழு இடத்தில் அதே பச்சைப் பலகை மாட்டியிருந்தார்கள். இன்று ஒரு பலகை கூட இல்லை. இன்றைய பிள்ளைகளிடம் அந்தப் பெயரைச் சொன்னால் ஏதோ மருந்துப் பெயர் என்று நினைப்பார்கள்.

நான் கடையின் ஆள் இல்லை. செக்யூரிட்டி ஏஜென்சி ஆள். நீலச் சட்டை, ஒரு மேசை, ஓட்டை போடும் கருவி, ஒரு ரிஜிஸ்டர். ஏஜென்சியில் சேர்ந்த அன்று எனக்குச் சொல்லிக் கொடுத்தது ஒன்றே ஒன்று: யாரையும் நம்பாதே, ஆனால் சிரித்துக்கொண்டே நம்பாதே. அதை நான் நன்றாகக் கற்றுக்கொண்டேன். குழந்தையைத் தள்ளுவண்டியில் கொண்டு வந்தால் குழந்தையைப் பார்க்க மாட்டேன், அதற்கு அடியில் இருக்கும் துணியைப் பார்ப்பேன். மழைக்காலத்தில் மடக்கிய குடையைப் பார்ப்பேன். வீட்டுக்கு வந்தால் பால் பாக்கெட்டைத் தூக்கிப் பார்ப்பேன், எடை சரியா என்று. உங்கள் அம்மா அதற்காக என்னைக் கேலி செய்யாத நாள் இல்லை.

கடையில் மூன்றாம் நம்பர் கவுண்டரில் ஒரு அம்மா இருந்தார். ஐம்பது வயது இருக்கும். கண்ணாடியைக் கயிறு கட்டிக் கழுத்தில் போட்டிருப்பார். முதலாளி குடும்பம் தானியக் கடை வைத்திருந்த காலத்திலிருந்து வேலை பார்ப்பவர். எல்லோரும் தாயி என்று கூப்பிடுவோம். நமக்குத் தாய் என்றால் அம்மா. மராத்தியில் தாயி என்றால் அக்கா, அது உங்களுக்குத் தெரியும். அவர் என்னை அண்ணா என்பார். என்னைவிடப் பதினைந்து வயது மூத்தவர் என்னை அண்ணா என்பதும், நான் அவரை அக்கா என்பதும் வேடிக்கைதான். ஆனால் புனேயில் மதராஸி ஆம்பிளை யாராக இருந்தாலும் அண்ணாதானே.

நம் ஆயுத பூஜை அன்றைக்குத்தான் அவர்களும் கருவிகளுக்குப் பூஜை செய்வார்கள். தாயி பில் போடும் மெஷினுக்கு மஞ்சள் குங்குமம் வைத்துச் செவந்திப் பூ வைத்தார். நான் என் ஓட்டைக் கருவிக்குச் சந்தனம் வைத்தேன். அதைப் பார்த்து அவர் சிரித்த சிரிப்பில் வரிசையே நின்றுவிட்டது. அதற்குப் பிறகுதான் பழக்கம். இட்லிக்கு வேண்டிய குண்டு அரிசி கடைக்கு எப்போதாவதுதான் வரும். வந்தால் ஒரு மூட்டையில் என் பெயரை எழுதி ஓரமாக வைத்துவிடுவார். பெரியவள் சின்ன வயதில் தின்ற இட்லியில் பாதி அவர் கை பட்ட அரிசி.

கடை ஆட்கள் வேலை முடிந்து போகும்போதும் என் மேசையில் பையைத் திறந்து காட்ட வேண்டும். மற்றவர்களிடம் நான் கேட்க வேண்டும். சிலர் முகத்தைத் திருப்பிக்கொண்டு காட்டுவார்கள். தாயி மட்டும் கேட்பதற்கு முன்பே பையைத் திறந்து, என் பக்கம் சாய்த்து, "பகா, அண்ணா" என்பார். பகா என்றால் பாருங்கள். ஆறு வருடமும் தினமும் அப்படித்தான்.

ஒருநாள் மதியம் தண்ணீர் பிடிக்கப் பின்பக்கம் போனேன். லாரியிலிருந்து சரக்கு இறக்கும் இடம் அது. அட்டைப் பெட்டி அடுக்குகளுக்கு அந்தப் பக்கம் மேனேஜர் குரல் கேட்டது. இரண்டு போன் வைத்திருக்கும் இளவட்டம் அவர், எப்போதும் கத்தித்தான் பேசுவார். அன்று மெல்லப் பேசினார். அதுவே எனக்குச் சுருக்கென்றது. எட்டிப் பார்த்தேன். எதிரில் தாயி நின்றிருந்தார்.

"மால் காலி கர்னா ஹை," என்றார் மேனேஜர். "கிஸீகோ பதானா மத்."

மால் என்றால் சரக்கு. சரக்கைக் காலி பண்ண வேண்டும், யாரிடமும் சொல்லாதே. நான் கேட்டது இதுதான். தாயி தலையை ஆட்டினார். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். வேர்வை என்று நினைத்தேன்.

பாட்டிலை நிரப்பாமலே திரும்பி வந்தேன். அந்த நிமிஷத்திலிருந்து நான் கண்ட ஒவ்வொன்றும் அதற்குச் சாட்சியாக வந்து நின்றது. பின்வாசல் வழியாகப் பெட்டிகள் போயின. உள்ளே வருவதைவிட வெளியே போவது அதிகமாக இருந்தது. தாயி கவுண்டரை விட்டு எழுந்து, கையில் ஒரு தாளோடு பின்பக்கம் போய் நின்றார். ரேக்கில் பிஸ்கட் பாக்கெட்டுகள் முன்வரிசையில் நெருக்கமாக நின்றன. ஒன்றை எடுத்துப் பார்த்தேன். பின்னால் வெறும் தகரம். முன்னால் இழுத்து நிறுத்தி முழு ரேக் மாதிரி காட்டியிருந்தார்கள்.

வேறு சிலதும் நடந்தன. நகரும் படிக்கட்டு நின்றுபோய் ஒரு மாதம். மேல்மாடிச் சாப்பாட்டுக் கடைகளில் பாதிக்கு ஷட்டர் இறங்கியிருந்தது. ஏசி சாயங்காலம் மட்டும்தான். சந்தேகம் இல்லாத ஒரு மனுஷன் இதையெல்லாம் பார்த்திருந்தால் இந்தக் கட்டடமே சாகப் போகிறது என்று சொல்லியிருப்பான். நான் சொல்லவில்லை. சந்தேகப்படுகிறவன் எல்லாவற்றையும் கவனிப்பான் என்று நினைக்காதீர்கள். தேடுகிறதைத்தான் கவனிப்பான்.

இதற்கு மேல் ஒன்று. தாயி பையைத் திறக்கவில்லை.

முதல் நாள், "இன்னைக்கு அவசரம் அண்ணா," என்று போய்விட்டார். (நாங்கள் பேசியது எல்லாம் உடைந்த இந்தி. உங்களுக்காகத் தமிழில் எழுதுகிறேன்.) இரண்டாம் நாள் பஸ் வந்துவிட்டது என்றார். மூன்றாம் நாள் ஒன்றும் சொல்லாமல் பையை அணைத்துப் பிடித்துக்கொண்டு போனார். பை கனமாக இருந்தது. தோள் சாய்ந்திருந்தது. அதை நான் அளந்து பார்த்தேன்.

வீட்டில் உங்கள் அம்மாவிடம் சொன்னேன்.

"அவுக அப்படிப்பட்ட ஆளு இல்லீங்க," என்றாள். பரமக்குடிப் பேச்சு அவளுக்கு இன்றும் போகவில்லை. "அரிசி எடுத்து வச்சுக் குடுத்த கையி."

"அரிசி குடுத்தா சந்தேகப்படக் கூடாதா?"

"சந்தேகப்படுறதுக்கு உங்களுக்குச் சம்பளம் குடுக்குறாக. வாங்குற சம்பளத்துக்கு அங்கயே பட்டுட்டு வாங்க. மிச்சத்த வீட்டுக்குக் கொண்டாராதீக."

எனக்கு ரோஷம் வந்துவிட்டது.

மறுநாள் சனிக்கிழமை. சாயங்காலம் ஆறு மணி, என் மேசைக்கு முன்னால் நீள வரிசை. தாயி ஓரமாக நழுவப் பார்த்தார்.

"தாயி, பை."

"நாளைக்குப் பாருங்க அண்ணா."

"இன்னைக்கே பாக்கணும்."

வரிசை திரும்பிப் பார்த்தது. ஓர் அம்மாள் தன் மணிபர்ஸை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, ஏதாவது திருட்டுப் போய்விட்டதா என்று பக்கத்தில் விசாரித்தார். தாயி என்னைப் பார்த்தார். பிறகு பையை மேசையில் வைத்தார். திறக்கவில்லை. நானே திறந்தேன். சாதாரணமாக நான் கையை விட்டுத் துழாவுவேன். அன்று ஒவ்வொன்றாக எடுத்து எல்லோரும் பார்க்க வெளியே வைத்தேன்.

ஒரு எவர்சில்வர் டம்ளர். முழங்காலுக்குப் போடும் கம்பளி உறை இரண்டு. தைல பாட்டில், பாதி. ஒரு ரவிக்கை. குளிர்காலத்தில் கவுண்டரில் போர்த்திக்கொள்ளும் சால்வை. பழைய செருப்பு ஒரு ஜோடி, காகிதத்தில் சுற்றி. மகளின் கல்யாணப் போட்டோ, பின்னால் ஒட்டுத் தாள் கிழிந்த தடம். கடைசியாக, மெஷினுக்குப் பக்கத்தில் வைத்திருந்த சின்னக் கணபதி படம்.

கடைச் சரக்கு ஒரு பிஸ்கட் கூட இல்லை.

அங்கேயே நான் நிறுத்தியிருக்க வேண்டும். நிறுத்தவில்லை. பிடிக்க வந்தது கிடைக்காதபோது வேறு எதையாவது பிடிக்கத் தோன்றும்.

"இதெல்லாம் எதுக்கு வீட்டுக்குப் போகுது?" என்று கேட்டேன்.

அதற்குள் மேனேஜர் வந்து நின்றிருந்தார். தாயி அவரைப் பார்த்தார். அவர் தரையைப் பார்த்தார்.

"துவைக்க," என்றார் தாயி.

"கணபதியையும் துவைக்கப் போறீங்களா?"

வரிசையில் இரண்டு மூன்று பேர் சிரித்தார்கள். நானும் சிரித்தேன் என்றுதான் நினைவு. தாயி சிரிக்கவில்லை. எடுத்து வைத்த ஒவ்வொன்றையும் அதே வரிசையில் பைக்குள் வைத்தார். கணபதியை மட்டும் கையில் எடுத்துக்கொண்டு போனார்.

ரிஜிஸ்டரில் எழுத வேண்டும் என்பது சட்டம். நேரம், கவுண்டர் நம்பர், ஆள் பெயர் எழுதினேன். காரணம் என்ற இடத்தில் ஆங்கிலத்தில் 'டவுட்' என்று எழுதினேன். அதற்கு அடுத்த கட்டம், சோதனையில் என்ன கிடைத்தது என்பது. ஒன்றும் கிடைக்கவில்லை என்று எழுதினால் நான் முட்டாள் என்று எழுதினது போல இருந்தது. கட்டத்தைக் காலியாக விட்டுவிட்டேன்.

அடுத்த வாரம் ஒரு நாள் காலையில் வந்தால் ஷட்டர் பாதிதான் ஏறியிருந்தது. அதில் ஒரு தாள் ஒட்டியிருந்தார்கள், மராத்தியில். எனக்கு அந்த எழுத்து மெதுவாகத்தான் வரும். முதல் வார்த்தையை 'மால்' என்று படித்தேன். அதன் தலைமேல் சின்னப் பிறை மாதிரி ஒன்று வளைந்திருந்தது. பக்கத்தில் நின்ற துப்புரவு வேலைக்காரரிடம் இந்தப் பிறை எதற்கு என்று கேட்டேன்.

"அது மால் இல்ல அண்ணா, மால்," என்றார்.

எனக்கு இரண்டும் ஒன்றாகத்தான் கேட்டது. அவர் உதட்டைக் குவித்து மறுபடி சொன்னார். உதட்டைப் பார்த்துத்தான் எனக்குப் புரிந்தது. சரக்குக்கு வாய் அகலும். இந்த மாலுக்கு உதடு குவியும். நாம் ஹாலையும் மாலையும் பாலுக்கும் காலுக்கும் சொல்கிற மாதிரியே வாயை அகலத் திறந்து சொல்கிறவர்கள். நம் எழுத்திலும் அதற்கு வேறு வழி இல்லை. நீங்கள் இங்கே பிறந்தவர்கள், உங்கள் காது இரண்டையும் பிரித்துவிடும். நான் அன்று பெட்டிகளுக்கு நடுவில் கேட்டது சரக்கைப் பற்றி இல்லை. கட்டடத்தையே காலி பண்ணச் சொல்லிவிட்டார்கள், ஆட்களிடம் இப்போதைக்குச் சொல்லாதே என்றுதான் மேனேஜர் சொல்லியிருக்கிறார். கம்பெனிகளுக்குத் திருப்பி அனுப்பும் சரக்குக்குப் பட்டியல் போட நம்பிக்கையான ஆள் வேண்டும், அதனால் தாயியிடம் மட்டும் சொல்லியிருக்கிறார். அவர் கடையில் தன் லாக்கரில் இருந்ததைத் தினம் கொஞ்சமாக வீட்டுக்குக் கொண்டு போயிருக்கிறார். பையைத் திறந்து காட்டினால் ஏன் என்று கேட்பேன். கேட்டால் ரகசியம் போய்விடும். அதனால் காட்டவில்லை.

தள்ளுபடி விற்பனை நாலு நாள் நடந்தது. ஜனம் ரேக்கையே விலை கேட்டது. தாயி மூன்றாம் நம்பரில் உட்கார்ந்து கடைசிவரை பில் போட்டார். போகும்போது பையைத் திறந்து மேசையில் வைத்துவிட்டு, என்னைப் பார்க்காமல் சுவரைப் பார்த்துக்கொண்டு நிற்பார். நான் பையைப் பார்க்காமல் போகச் சொல்வேன். அவர் போக மாட்டார். நான் பார்த்த பிறகுதான் போவார்.

என்னைத் தளேகாவில் ஒரு தொழிற்சாலை வாசலுக்கு மாற்றினார்கள். இரண்டு மாதம் கழித்துப் பழைய மேனேஜர் போன் செய்தார். ஊருக்குள் கேம்ப் பகுதியில் ஒரு பெரிய கடையில் தாயி வேலை கேட்டு மூன்று தடவை போயிருக்கிறார். அந்தக் கடைக்கும் எங்கள் ஏஜென்சிதான். விசாரித்தபோது பழைய ரிஜிஸ்டரில் டவுட் என்று இருக்கிறது என்று சொல்லிவிட்டார்களாம். "எழுதினது நீங்கதானே? அவங்க புருஷன் வேலைக்குப் போக முடியாதவரு. இந்த வயசுல வேற யாரு எடுப்பாங்க?" என்றார். அன்று நீங்கள் ஏன் வாயைத் திறக்கவில்லை என்று நான் அவரைக் கேட்கவில்லை. கேட்க எனக்கு வாய் இல்லை.

லீவு போட்டுவிட்டு முதலில் தாயி வீட்டுக்குப் போனேன். மாவு மில்லுக்குப் பின்னால் சந்து. கதவைத் திறந்தவர், உள்ளே வா என்று சொல்ல நேரம் எடுத்துக்கொண்டார். தண்ணீர் கொடுத்தார். நான் மால் கதையைச் சொன்னேன்.

"ரெண்டையும் சொல்லுங்க," என்றார்.

சொன்னேன். உள்ளே யாரோ களுக்கென்று சிரித்தார்கள். இரண்டும் ஒரே மாதிரிதான் வந்திருக்கும். தாயி சிரிக்கவில்லை.

"காது தமிழ்க் காது, சரி," என்றார். "கண்ணு எந்த ஊரு அண்ணா? ஆறு வருஷமா என் பைய பாத்தது அந்தக் கண்ணுதானே?"

டம்ளரைக் கீழே வைத்துவிட்டு எழுந்தேன்.

அங்கிருந்து கேம்ப்புக்குப் போனேன். புது மேனேஜர் கண்ணாடி அறைக்குள் இருந்தார். நான் சொன்னதை முழுக்கக் கேட்டார். பிறகு, என் ஏஜென்சியில் எனக்குக் கற்றுக்கொடுத்த அதே சிரிப்பைச் சிரித்தார்.

"அவங்க உங்களுக்கு யாரு?"

"யாரும் இல்ல சார்."

"யாரும் இல்லாதவங்களுக்கு லீவு போட்டுட்டு வந்தீங்களா? அன்னைக்கு டவுட்னு எழுதினீங்க. இன்னைக்கு இல்லங்கறீங்க. இதுல எந்த நாள் உங்கள நம்பறது?"

அப்படி ஒரு பார்வையை நான் ஆயிரம் பேர் மேல் வீசியிருக்கிறேன். என் மேல் விழுந்தது அன்றுதான். நானும் தாயியும் கூட்டு என்று அவர் நினைக்கிறார் என்பது தெரிந்தது. நான் வந்ததால் அவருக்கு இன்னும் கெடுதலோ என்றும் தோன்றியது. கையில் வேறு ஒன்றும் இல்லை. அந்த ரிஜிஸ்டரை வரவழையுங்கள் என்றேன். ஏஜென்சி ஆபீஸ் பக்கத்துத் தெருவில்தான். ஒரு மணி நேரம் நின்ற பிறகு வந்தது. காலியாக விட்ட கட்டத்தில், ஒன்றும் கிடைக்கவில்லை, தப்பு என்னுடையது என்று எழுதி, அன்றைய தேதி போட்டுக் கையெழுத்துப் போட்டேன். எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் எழுதினேன், எழுத்துப் பிழையோடு. அதைப் பார்த்த ஏஜென்சிக்காரர்கள் இனி உனக்கு வாசல் வேலை வேண்டாம் என்றார்கள். வண்டி நிறுத்தும் இடத்தில் தடுப்புக் கம்பத்தைத் தூக்கி இறக்கும் வேலை கொடுத்தார்கள். இரண்டு வருடம் அதுதான் பார்த்தேன். முழங்கையில் எனக்கு இருக்கும் வலி அங்கே வந்தது.

தாயியை அந்தக் கடையில் எடுத்தார்கள். பணம் வாங்கும் கவுண்டரில் இல்லை. காய்கறி எடை போடும் இடத்தில், நின்றுகொண்டே பார்க்கும் வேலை. நான் எழுதினதால் எடுத்தார்களா, எழுதினதால்தான் கவுண்டர் கொடுக்கவில்லையா, எனக்குத் தெரியாது. அவரை மறுபடி எந்தக் கவுண்டரிலும் யாரும் உட்கார வைக்கவில்லை. கேம்ப் கடையும் சில வருடத்தில் மூடிவிட்டது. அங்கே இப்போது கார் காட்சிக்கு வைத்திருக்கிறார்கள்.

அது மூடுவதற்கு முன்னால் ஒரு தடவை உங்கள் அம்மா வற்புறுத்தி என்னை அழைத்துக்கொண்டு போனாள். சின்னவன் அவள் இடுப்பில். வெங்காயத்தை எடுத்துக்கொண்டு நேராக அந்தத் தராசுக்கே போனாள். தாயி எடை போட்டுச் சீட்டு ஒட்டினார். குழந்தைக்கு எத்தனை மாதம் என்று கேட்டார். கன்னத்தைக் கிள்ளினார். பையை நீட்டும்போது உங்கள் அம்மாவிடம், "அண்ணாவ நல்லா பாத்துக்கச் சொல்லு, எடை சரியான்னு," என்றார்.

சிரித்துக்கொண்டேதான் சொன்னார் என்கிறாள் உங்கள் அம்மா. இருக்கலாம். நான் அவர் முகத்தைப் பார்க்கவில்லை. வெங்காயத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.